‘ஏறாது தம்பி’ என்ற கேம் ஏறிய கதை

விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அதில் லேப்டாப் வாங்கிய கடலூர் மாவட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு அந்தக் கறுப்புத் திரை நினைவிருக்கும். பொத்தானை அழுத்தியதும் இரண்டு இயங்குதளங்களின் பெயர்கள் வரும். ஒன்று விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், மற்றது போஸ் லினக்ஸ். எதுவும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருந்தால் அதுவாகவே ஒன்றைத் திறந்துகொள்ளும்.

ஸ்டார்ட்டர் என்பது விண்டோஸ் 7 குடும்பத்தின் கடைக்குட்டி. பின்னணிப் படத்தைக்கூட மாற்ற விடாது. போஸ் லினக்ஸ் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையத்தில் டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாகி, 2007-ல் வெளியானது. அதற்குத் தமிழ் தெரியும், எழுத்து வேலை தெரியும், வைரஸ் தொல்லை கிடையாது. சீட்டாட்டமும் கண்ணிவெடி ஆட்டமும் உள்ளேயே இருந்தன. பதினேழு வயதுப் பையனுக்கு அது போதுமா?

திருப்பாதிரிப்புலியூரிலும் சிதம்பரம் தேரோடும் வீதிகளிலும் இருந்த சர்வீஸ் கடைகளில் அந்த வருடங்களில் தினமும் நடந்த உரையாடல் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

“அண்ணே, இதுல வைஸ் சிட்டி ஏறுமா?”

“இது லினக்ஸு, ஏறாது தம்பி. வச்சிட்டுப் போ. சாயங்காலம் செவன் அல்டிமேட் போட்டு வெக்கிறேன். கேமும் ஏத்தித் தரேன்.”

சாயங்காலம் பையன் திரும்பி வரும்போது போஸ் இருந்த பகுதி அழிந்து, சினிமாக்கள் வைக்கும் டிரைவாக மாறியிருக்கும். கடைக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரிந்த உலகத்தில் அவர் சொன்னது சரி. ஆனால் அந்த ‘ஏறாது’ அன்றைக்கே முழு உண்மை இல்லை. இன்றைக்குக் கால்வாசிகூட உண்மை இல்லை. நடுவில் என்ன நடந்தது என்பதுதான் கதை. அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் நடந்த கதையை இங்கிருந்து சொல்லக் காரணம் உண்டு. தமிழ்நாட்டு அரசு ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்புகளைக் கொடுத்தது. பிள்ளைகள் கையில் லினக்ஸ் முதலில் வந்து சேர்ந்தது. அதில் கேமை ஏற்றும் கருவி ஏழு வருடம் பிந்தி வந்தது. அது பழகி முடிவதற்குள் இங்கே லேப்டாப் கொடுப்பது நின்றுவிட்டது.

விண்டோஸுக்கு எழுதிய கேம் லினக்ஸில் ஏன் ஏறவில்லை? கேமின் இஎக்ஸ்இ கோப்பில் இருப்பதில் பெரும்பகுதி பிராசஸருக்கான கட்டளைகள். இரண்டிலும் பிராசஸர் ஒன்றுதான். அந்தக் கட்டளைகளில் சிக்கல் இல்லை. ஒரு விண்டோவைத் திற, இந்தக் கோப்பைப் படி, இந்த ஒலியை எழுப்பு, இந்த முக்கோணத்தை வரை என்று கேம் இடையிடையே இயங்குதளத்திடம் கேட்கிறதே, அங்கேதான் சிக்கல். தெலுங்கு மட்டும் தெரிந்த ஒருவர் கடலூர் தாலுகா ஆபீசுக்கு மனுவோடு வருகிறார் என்று வையுங்கள். நடப்பதற்கும் படியேறுவதற்கும் அவருக்குத் துணை தேவையில்லை. கவுண்டரில் பேசும்போது மட்டும் ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லித் தந்தால் போதும்.

அப்படிப் பக்கத்தில் நிற்கும் ஆளைப் படைக்கும் வேலை 1993-ல் தொடங்கியது. லினக்ஸுக்கே அப்போது இரண்டு வயது. பாப் ஆம்ஸ்டாட், எரிக் யங்டேல் என்ற இருவர் விண்டோஸ் 3.1 நிரல்களை லினக்ஸில் ஓட்டுவதற்காக ஒரு திட்டத்தை ஆரம்பித்தார்கள். அதன் பெயர் வைன். அடுத்த வருடமே அலெக்ஸாண்டர் ஜூலியார்ட் என்பவர் பொறுப்பை ஏற்றார். முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் அவர்தான் தலைமை. ஒரே மென்பொருளோடு இவ்வளவு காலம் குடும்பம் நடத்திய வேறொருவரைச் சட்டென்று சொல்ல முடியவில்லை.

வேலை எவ்வளவு முரட்டு வேலை என்று யோசித்துப் பாருங்கள். மைக்ரோசாப்டின் மூல நிரலை எட்டிப் பார்க்கக்கூடாது. பார்த்தால் வழக்கு வரும். வெளியான ஆவணங்களைப் படிக்கலாம். சின்னச் சின்னச் சோதனை நிரல்களை விண்டோஸில் ஓட்டி, இப்படிக் கேட்டால் இப்படிப் பதில் வருகிறது என்று குறித்துக்கொள்ளலாம். பிறகு அதே பதில் வரும்படி லினக்ஸில் புதிதாக எழுத வேண்டும். இதில் ஒரு கொடுமை உண்டு. விண்டோஸில் இருக்கும் பிழைகளையும் அப்படியே நகலெடுக்க வேண்டும். ஏனென்றால் பல கேம்கள் அந்தப் பிழைகளை நம்பியே எழுதப்பட்டிருக்கின்றன. விண்டோஸ் தப்பாகச் சொல்லும் இடத்தில் வைன் சரியாகச் சொன்னால் கேம் படுத்துவிடும். 1993-ல் ஆரம்பித்த வைன் 1.0 என்ற எண்ணைத் தொட்டது 2008 ஜூன் 17-ல். பதினைந்து வருடம்.

இதே காலத்தில் மொழிபெயர்ப்பாளரே தேவைப்படாத வழியையும் சிலர் முயன்றார்கள். கேமையே லினக்ஸுக்குத் தனியாக எழுதிவிடுவது. ‘டூம்’ கேமை உருவாக்கிய ஐடி சாஃப்ட்வேர் நிறுவனத்தின் டேவ் டெய்லர் 1994-லேயே அதற்கு லினக்ஸ் பதிப்பைக் கொடுத்துவிட்டார். விண்டோஸ் அப்போது கேமுக்கு லாயக்கில்லாத இடமாகக் கருதப்பட்டது. எல்லாரும் டாஸில்தான் ஆடினார்கள். அந்தப் பெயரைத் துடைக்க, மைக்ரோசாப்ட் தன் ஊழியர் ஒருவரின் தலைமையில் டூமை விண்டோஸ் 95-க்குக் கொண்டுவந்தது. கேம்களுக்கென்றே டைரக்ட்எக்ஸ் என்ற கருவித் தொகுப்பும் 1995-ல் வந்தது. அதோடு கேம் உலகம் மொத்தமும் விண்டோஸ் பக்கம் சாய்ந்தது. டூமைக் கொண்டுவந்த அந்த ஊழியரின் பெயர் கேப் நியூவெல். பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருவார்.

1998-ல் ஸ்காட் டிரேக்கர் என்பவர் கலிபோர்னியாவில் லோகி என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். பெரிய கேம்களை உரிமம் வாங்கி லினக்ஸுக்கு மாற்றி விற்பது தொழில். வாங்க ஆள் போதவில்லை, 2002 ஜனவரியில் மூடிவிட்டார்கள். ஆனால் அங்கே வேலை பார்த்த சாம் லாண்டிங்கா எழுதிய எஸ்டிஎல் என்ற நூலகம் பிழைத்தது; இன்றைக்கும் எண்ணற்ற கேம்கள் அதன் மேல்தான் நிற்கின்றன. இன்னொரு பக்கம் டிரான்ஸ்கேமிங் என்ற கனடா நிறுவனம் வைனை எடுத்து, கேம்களுக்காகச் செப்பனிட்டு, மாதச் சந்தாவுக்கு விற்றது. செய்த திருத்தங்களைத் திருப்பித் தரவில்லை. வைன்காரர்கள் கடுப்பாகி 2002 மார்ச்சில் உரிமத்தையே மாற்றினார்கள்: வைனைத் திருத்தி வெளியிட்டால் அந்தத் திருத்தத்தை ஊருக்கும் கொடுத்தாக வேண்டும். அன்று இது ஏதோ வக்கீல் சமாச்சாரமாகத் தெரிந்தது. பதினாறு வருடம் கழித்து அந்த ஒரு நிபந்தனை என்ன வேலை செய்தது என்பது புரிந்தது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். லினக்ஸ் தமிழ்நாட்டு அரசுக்கு 2011-ல் புதிதல்ல. அதற்குச் சில வருடங்கள் முன்பே எல்காட் என்ற அரசு நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த சி.உமாசங்கர் அரசுக் கணினிகளை சூஸ் லினக்ஸுக்கு மாற்றும் வேலையை முனைப்போடு செய்தவர். விண்டோஸ் எக்ஸ்பி-க்கான ஆதரவை 2014 ஏப்ரலில் மைக்ரோசாப்ட் நிறுத்தியபோது, துறைகளெல்லாம் போஸுக்கு மாறும்படி அரசு சொன்னது. ஆபீஸ், பள்ளிக்கூடம், கோப்பு, கடிதம் என்று எல்லாவற்றையும் யோசித்தவர்கள் விளையாட்டை யோசிக்கவில்லை. விளையாட்டை யோசிப்பது அரசின் வேலையா என்று கேட்கலாம். ஆனால் கணினியை ஒரு பையன் தன்னுடையதாக நினைப்பது அதில் விளையாட ஆரம்பித்த பிறகுதான். தேவனாம்பட்டினம் பெரியார் அரசு கலைக் கல்லூரி மாணவருக்கும், பிளஸ் டூவில் வாங்கிய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அண்ணாமலைநகர் விடுதிக்கு வந்தவருக்கும் போஸ் என்பது கணினியில் அரசு வைத்திருந்த ஒரு பக்கம். விண்டோஸ்தான் தன் பக்கம்.

வேடிக்கை என்னவென்றால், வைஸ் சிட்டியும் விடுதிகளின் குலதெய்வமான கவுண்டர்-ஸ்டிரைக் 1.6-ம் வைனில் அப்போதே ஓடக்கூடியவைதான். போஸின் தாய்வீடான டெபியனில் வைன் இருந்தது. ஆனால் அதை இறக்க நெட் வேண்டும். கையில் இருந்தது ஆமை வேக டாங்கிள். இறக்கினாலும் டெர்மினலில் நாலு கட்டளை வரி அடிக்க வேண்டும். எந்த வரி என்று சொல்ல பக்கத்து அறையில் ஆள் கிடையாது. விண்டோஸில் தகராறு என்றால் விடுதியில் பத்துப் பேருக்கு வைத்தியம் தெரியும். புதிதாக வருபவருக்கு லினக்ஸ் கஷ்டமா என்ற கேள்விக்கு அன்றைய விடை இதில் இருக்கிறது. தடை பாதி மென்பொருளில், மீதி அக்கம்பக்கத்தில். போதாததற்கு 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூரைப் புரட்டிப்போட்டுவிட்டுப் போனது. அடுத்த வருடமெல்லாம் மின்வெட்டு. பாட்டரி நிற்கும் நேரத்தில் ஒரு ஆட்டமாவது முடித்துவிடத் துடித்த பிள்ளையிடம் டெர்மினலைக் கற்றுக்கொள் என்று யார் சொல்வது?

அதே 2012-ல் கேப் நியூவெல் பயந்துபோயிருந்தார். மைக்ரோசாப்டை விட்டு 1996-ல் வெளியேறிய அவர் வால்வ் என்ற நிறுவனத்தை நடத்திக்கொண்டிருந்தார். ஸ்டீம் என்ற கேம் கடை அவருடையது. விண்டோஸ் 8 வரப்போகிறது, அதற்குள்ளேயே மைக்ரோசாப்டின் சொந்தக் கடையும் வரப்போகிறது. நாளைக்கு அவன் தன் கடையைத் தவிர மற்றதை அடைத்துவிட்டால்? கணினித் துறையில் இருக்கிற எல்லாருக்கும் இது பேரிடர் என்று 2012 ஜூலையில் பகிரங்கமாகச் சொன்னார். ஊரைக் கூட்டி விண்டோஸில் குடியேற்றியவரே தப்பிக்கும் வழி தேடினார். லினக்ஸ் ஆட்டக்காரர்கள் இருபது வருடம் கேட்டுக் கிடைக்காதது, ஒரு வியாபாரியின் பயத்தால் கிடைத்தது. இதில் எனக்குச் சின்ன வருத்தம் உண்டு. ஆனால் உண்மை அதுதான்.

வால்வ் ஆட்கள் ‘லெஃப்ட் 4 டெட் 2’ என்ற தங்கள் கேமை உபுண்டு லினக்ஸுக்கு மாற்றிப் பார்த்தார்கள். விண்டோஸ் 7-ல் விநாடிக்கு 270 பிரேம் ஓடியது லினக்ஸில் 315 ஓடியது. அவர்களே எதிர்பார்க்காத விடை. லோகியின் சாம் லாண்டிங்காவும் இதற்குள் வால்வுக்கு வந்து சேர்ந்திருந்தார். 2013 பிப்ரவரி 14-ல் லினக்ஸுக்கான ஸ்டீம் முறைப்படி வெளியானது. அதற்குச் சற்று முன்பே கவுண்டர்-ஸ்டிரைக் 1.6-க்கு லினக்ஸ் பதிப்பு வந்துவிட்டது. வைனே வேண்டாம், நேரடியாக ஓடும். அண்ணாமலைநகரில் இந்தச் செய்தி யார் காதிலாவது விழுந்ததா? விழுந்திருந்தாலும் ஸ்டீமில் அன்று விலை டாலரில் இருந்தது. ரூபாய் விலை 2015-ல்தான் வந்தது. பென் டிரைவில் இலவசமாக வருவதற்கு யார் டாலர் கொடுப்பார்கள்?

2015 நவம்பரில் ஸ்டீம் மெஷின் என்ற பெயரில் லினக்ஸ் கேம் பெட்டிகள் கடைக்கு வந்தன, விழுந்தன. லினக்ஸுக்கென்று எழுதிய கேம்கள் மட்டுமே அதில் ஓடின. மக்கள் கேட்ட கேம்கள் அதில் இல்லை. ஒவ்வொரு நிறுவனத்தையும் கெஞ்சி லினக்ஸ் பதிப்பு எழுதவைப்பது நடக்காது என்று வால்வுக்கு அதில்தான் உறைத்தது. லோகி பட்ட அடியை இவர்களும் ஒருமுறை பட்டுத்தான் கற்க வேண்டியிருந்தது.

மிச்சம் இருந்த வழி வைன். அதில் தீராத நோய் ஒன்று இருந்தது. டைரக்ட்எக்ஸ் 11-ல் எழுதிய கேம் கேட்கும் படங்களை லினக்ஸின் பழைய ஓப்பன்ஜிஎல் முறைக்கு மாற்றும்போது வேகம் பாதியாகிவிடும், அல்லது படமே சிதறும். 2016 பிப்ரவரியில் வல்கன் என்ற புதிய கிராபிக்ஸ் முறை வெளியானது. கிராபிக்ஸ் சிப்போடு ஏறக்குறைய நேருக்கு நேர் பேசும் முறை அது. அதற்கு மாற்றினால் வேகம் அதிகம் இழக்காது. இதை யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும், அவ்வளவுதான்.

எழுதியவர் ஒரு ஜெர்மானிய இளைஞர், பிலிப் ரெபோலே. பெரிய திட்டம் எதுவும் அவருக்கு இல்லை. ‘நியர்: ஆட்டோமேட்டா’ என்ற ஜப்பானிய கேமை லினக்ஸில் ஆட ஆசை. வைனில் அது ஓடவில்லை. டைரக்ட்எக்ஸ் 11-ஐ வல்கனாக மாற்றும் மொழிபெயர்ப்பாளரை 2017 கடைசியில் தனியாளாக எழுத ஆரம்பித்தார். அதன் பெயர் டிஎக்ஸ்விகே. சில மாதங்களில் நியர் ஓடியது. வால்வ் அவரை வளைத்துப்போட்டது. 2018 தொடக்கத்திலிருந்து அவருக்கு அதுவே சம்பள வேலை. ஒரு கேமை ஆட முடியவில்லையே என்ற ஒருவரின் எரிச்சல் இந்த மொத்தக் கதையின் அச்சாணி என்பது எனக்கு மிகவும் பிடித்த இடம்.

வைனைப் பல வருடமாகப் பராமரித்துவந்த கோட்வீவர்ஸ் நிறுவனத்தோடு வால்வ் ஏற்கெனவே கைகோத்திருந்தது. வைன், டிஎக்ஸ்விகே, வேறு சில துண்டுகள் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, ஸ்டீமுக்குள்ளேயே வைத்து, 2018 ஆகஸ்ட் 21-ல் வெளியிட்டார்கள். அதுதான் புரோட்டான். முதல் நாள் 27 கேம்களுக்கு உத்தரவாதம். பட்டியலில் நியர் இருந்தது. டூமும் இருந்தது, 2016-ல் வந்த புதிய டூம். விண்டோஸ் கேமை வாங்கி, ‘இன்ஸ்டால்’ அழுத்தி, ‘பிளே’ அழுத்தினால் போதும், டெர்மினல் இல்லை. 2002-ல் மாற்றிய உரிமத்தின் பலன் இப்போது தெரிந்தது. வால்வ் பணம் போட்டுச் செய்த திருத்தங்கள் திறந்த வெளியில் கிடந்தன, வைனுக்குத் திரும்பி வந்தன. ஸ்டீமுக்கு வெளியே வாங்கிய கேம்களுக்காக லூட்ரிஸ், ஹீரோயிக் போன்ற கருவிகளை வைத்திருப்பவர்களும் அதை அள்ளிக்கொண்டார்கள். 2022 பிப்ரவரி 25-ல் வால்வ் விற்க ஆரம்பித்த ஸ்டீம் டெக் என்ற கைக்கணினி முழுக்க லினக்ஸ். அதே நாளில் வெளியான ‘எல்டன் ரிங்’ கேம் விண்டோஸில் திக்கித் திணறியபோது, புரோட்டானில் வால்வ் ஆட்கள் அதற்குச் சீக்கிரமே மருந்து போட்டார்கள். 2025 அக்டோபரில் ஸ்டீம் பயனர்களில் லினக்ஸ்காரர்கள் முதல்முறையாக நூற்றுக்கு மூன்று பேரைத் தாண்டினார்கள். அதே மாதம் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது.

எல்லாம் சுமுகமாகிவிட்டதா? 2021 நவம்பரில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். லினஸ் செபாஸ்டியன் என்ற கனடாக்காரர், கணினிகளைப் பிரித்து மேய்ந்து வீடியோ போடுபவர், லினக்ஸில் கேம் ஆடிப் பார்ப்பதாகச் சவால் ஏற்றார். கேமுக்கு ஏற்றது என்று பெயரெடுத்த பாப் ஓஎஸ்-ஐப் போட்டார். ஸ்டீமை நிறுவ முயன்றார், வரவில்லை. டெர்மினலில் அடித்தார். அது நீளமான எச்சரிக்கை ஒன்றைக் கொட்டி, தெரிந்துதான் செய்கிறாய் என்றால் ‘ஆம், நான் சொல்வதைச் செய்’ என்று முழு வாக்கியத்தையும் தட்டச்சு செய் என்றது. தட்டினார். ஸ்டீமை நிறுவும் சாக்கில் திரையில் இருந்த டெஸ்க்டாப் முழுவதையும் அது பிடுங்கிப் போட்டுவிட்டது. மிஞ்சியது கறுப்புத் திரை.

பழைய லினக்ஸ்காரர்கள் பலர் அவரைத் திட்டினார்கள்: எச்சரிக்கையைப் படிக்க வேண்டாமா? எனக்கு அவர் பக்கம்தான் நியாயம் தெரிந்தது. ஒரு கேம் கடையை நிறுவ வந்தவனிடம் நூறு வரி மந்திரத்தைக் காட்டிக் கையெழுத்து கேட்டால் யாரும் போட்டுவிடுவார்கள். கோளாறு அந்த நேரத்தில் அந்த மென்பொருள் தொகுப்பில் இருந்த பிழை. உடனே சரி செய்தார்கள், அப்படி நடக்கவே முடியாதபடி நிறுவும் கருவியையும் மாற்றினார்கள். ஒரு பிரபலம் விழுந்ததால் பள்ளத்தை மூடினார்கள். அதற்கு முன் அதே மாதிரிப் பள்ளங்களில் பெயர் தெரியாத எத்தனை பேர் விழுந்து, சத்தமில்லாமல் விண்டோஸுக்குத் திரும்பியிருப்பார்கள்?

இன்று புதிதாக வருபவர் தடுக்கி விழும் கற்கள் சின்னவை, ஆனால் யாரும் முன்கூட்டியே சொல்லாதவை. விண்டோஸில் இறக்கிய கேம் ஏற்கெனவே டி டிரைவில் இருக்கிறதே, அதையே லினக்ஸிலிருந்து ஓட்டலாம் என்று தோன்றும். விண்டோஸுக்குரிய அந்த என்டிஎஃப்எஸ் பகுதியில் புரோட்டான் அடிக்கடி மக்கர் செய்யும். லினக்ஸ் பகுதிக்கு மாற்றிவிடுவது உத்தமம். உபுண்டுவின் கடையில் ‘ஸ்னாப்’ வடிவில் கிடைக்கும் ஸ்டீமை வால்வ் ஆட்களே பரிந்துரைப்பதில்லை. வால்வ் தளத்தில் கிடைப்பதை எடுக்க வேண்டும். என்விடியா கார்டு இருந்தால் அதற்கான டிரைவரைத் தனியாகப் போட வேண்டியிருக்கும். மின்ட் லினக்ஸில் அது இரண்டு கிளிக். முதல் தடவை கேமைத் திறக்கும்போது ‘வல்கன் ஷேடர்கள் தயாராகின்றன’ என்று பட்டை ஊர்ந்துகொண்டிருக்கும். ஹேங் ஆகிவிட்டது என்று பயந்து அணைத்துவிடாமல் விட்டுவிட வேண்டும். புரோட்டான்டிபி என்ற இடத்தில் எந்த கேம் யாருக்கு எப்படி ஓடியது என்று ஆட்டக்காரர்களே பிளாட்டினம், தங்கம், வெள்ளி என்று தரம் போட்டு வைத்திருக்கிறார்கள். பணம் கட்டுவதற்கு முன் அங்கே ஒரு பார்வை பார்ப்பது நல்லது. அன்று பக்கத்து அறையில் இல்லாத ஆள் அங்கே இருக்கிறார்.

இவற்றையெல்லாம் தாண்டியும் ஒரு சுவர் நிற்கிறது. நண்பர்களோடு சேர்ந்து ஆடும் போட்டி கேம்களில் கள்ளாட்டம் தடுக்கும் காவல் மென்பொருள் இருக்கும். ‘வாலரன்ட்’ கேமின் வான்கார்ட் போன்றவை விண்டோஸின் கருவறையான கெர்னலுக்குள்ளேயே உட்கார்ந்து கண்காணிக்கின்றன. லினக்ஸில் அப்படி ஒரு கருவறை அவர்களுக்குக் கிடைக்காது. மொழிபெயர்ப்பாளர் நிற்பதைப் பார்த்தாலே வெளியே தள்ளிவிடும். ஈஸி ஆன்டி-சீட், பாட்டில்ஐ என்ற இரண்டு காவல்காரர்கள் 2021-ல் புரோட்டானுக்குக் கதவைத் திறந்தார்கள். ஆனால் சாவி கேம் நிறுவனத்தின் கையில்தான். அவர்கள் சம்மதித்தால் ஓடும், இல்லாவிட்டால் இல்லை. 2024 செப்டம்பரில் ஜிடிஏ ஆன்லைனில் ராக்ஸ்டார் நிறுவனம் பாட்டில்ஐயைச் சேர்த்தது, லினக்ஸுக்கான சம்மதத்தைக் கொடுக்கவில்லை. அதுவரை ஆடிக்கொண்டிருந்த லினக்ஸ்காரர்கள் ஒரே நாளில் வெளியே நின்றார்கள். கதைப் பகுதியைத் தனியாக ஆடலாம், கூட்டாக ஆட முடியாது. அடுத்த மாதம் ‘ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்’ அதுவரை கொடுத்துவந்த அனுமதியையே திரும்பப் பெற்றது. வைஸ் சிட்டி காலத்து ‘ஏறாது’ தெரியாமையால் வந்தது. இப்போது வரும் ‘ஏறாது’ தெரிந்தே சொல்வது. நிரல் எழுதி இதைத் தீர்க்க முடியாது.

இதில் ஒரு வேடிக்கை: போனில் பிஜிஎம்ஐ ஆடும் சிதம்பரத்துப் பையன் ஆடுவது லினக்ஸ் கெர்னலின் மேல்தான். ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பது அது. லினக்ஸில் கேம் ஏறாது என்று அவனிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள்.

நடுவில் நின்றுபோன அரசு லேப்டாப்பும் இப்போது மறுபடி வந்துவிட்டது. கல்லூரி மாணவர்களுக்கு 20 லட்சம் மடிக்கணினி என்று 2025 மார்ச் பட்ஜெட்டில் அறிவித்தார்கள், 2026 ஜனவரியில் கொடுக்கத் தொடங்கினார்கள். 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11, கூடவே மறுபடியும் போஸ் லினக்ஸ். 2011-ன் பெட்டி இன்று கையில் இருந்தாலும் டிஎக்ஸ்விகே அதில் பெரும்பாலும் பயன்படாது. அந்தக் காலத்து இன்டெல் உள்ளமை கிராபிக்ஸுக்கு வல்கன் தெரியாது. இந்தப் புதிய பெட்டிகளுக்குத் தெரியும். ஆனால் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. எனவே எல்டன் ரிங் ஆசையை விட்டுவிடலாம். சில வருடங்களுக்கு முந்தைய கேம்களும், சின்னக் குழுக்கள் செய்யும் கேம்களும் தாராளமாக ஓடும்.

அதற்கு என்னுடைய பரிந்துரை ‘வெண்பா’. டொரன்டோவில் விசை கேம்ஸ் என்ற சின்ன நிறுவனம் 2023-ல் வெளியிட்டது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ் அம்மா, அழிந்துபோன சமையல் குறிப்புகளை நினைவுபடுத்தி இட்லியும் பிரியாணியும் செய்கிறாள். 2024-ல் பாஃப்டா விருதில் சிறந்த அறிமுக கேமாகத் தேர்வானது. அதற்கு லினக்ஸ் பதிப்பு என்று தனியாக இல்லை, புரோட்டான்தான் ஓட்டுகிறது. ஆடுபவருக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

போஸை வைத்தே இதைச் செய்யலாமா என்றால் நான் வேண்டாம் என்பேன். அது நிதானமாக நகரும் டெபியன் வழி. கிராபிக்ஸ் டிரைவர்கள் ஒரு வருடம் இரண்டு வருடம் பிந்தி இருக்கும், கேமுக்கு அது ஆகாது. கடிதத்துக்கும் பாடத்துக்கும் போஸ், கேமுக்கு மின்ட் அல்லது பசைட் (Bazzite) லினக்ஸ். வாலரன்ட்டும் ஜிடிஏ ஆன்லைனும் ஆடுகிற பிள்ளை விண்டோஸ் பகுதியில் கை வைக்கவே வேண்டாம். மற்றவர்கள் முதலில் ஒரு பென் டிரைவிலிருந்து மின்ட்டைத் திறந்து, வைஃபையும் ஒலியும் சரியாக வருகின்றனவா என்று பார்த்துவிட்டு, பிறகு எஸ்எஸ்டியில் 60 ஜிபியை ஒதுக்கினால் போதும்.